குழலுக்குள் கண் வைத்தவர்

துப்பாக்கி வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. சுடுகிற ரகம் ஒன்று. குழலுக்குள் எட்டிப் பார்க்கிற ரகம் இன்னொன்று. முதல் ரகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுடுவார்கள், படும் அல்லது படாது, வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். உங்களுக்கு நான் காட்டப்போவது இரண்டாவது ரகத்தை. அவருக்குக் குழல்நோக்கி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

குழல்நோக்கியை எங்கே பார்க்கலாம்? துப்பாக்கிக் கடையில் வாங்குகிறவர் நிற்கும் பக்கத்தில், எதையும் வாங்காமல் நின்றுகொண்டிருப்பார். சுடுதளத்துக் கொட்டகையில் காப்பிக் குடுவைக்குப் பக்கத்தில் இருப்பார். எப்படி அடையாளம் தெரியும்? ஒரு கண் எப்போதும் பாதி மூடியிருக்கும். சட்டைப் பையில் சதுரம் சதுரமாக வெட்டிய வெள்ளைத் துணித்துண்டுகள் பிதுங்கும். உடம்பில் பழுத்த வாழைப்பழ வாசனை ஒன்று அடிக்கும். அது குழல் துடைக்கிற திரவம். அதை அவர் சென்ட் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார், வீட்டில் உள்ளவர்கள் அப்படி நினைப்பதில்லை.

யாராவது புதுத் துப்பாக்கியோடு வந்தால் போதும், இரண்டு கையையும் நீட்டுவார். கொடுக்காமல் இருக்க முடியாது. பிறந்த குழந்தையைத் தூக்கக் கேட்கிறவரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வாங்கினதும், தோட்டாவைத் தள்ளி அடைக்கிற போல்ட்டைப் பின்னாலிருந்து உருவி மேஜைமேல் வைப்பார், குழலை ஜன்னல் பக்கம் நீட்டுவார், ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணைப் பின்முனையில் ஒட்டவைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, மெல்ல மெல்லத் திருப்புவார், துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் டாக்டர் எதிரே உட்கார்ந்த நோயாளி மாதிரி விரலைக் கசக்கிக்கொண்டு நிற்பார். நீங்களும் நானும் பார்த்தால் அதற்குள் தெரிவது ஒரு வெளிச்ச வட்டம். அவருக்குத் தெரிவது வேறு. கடைசியில் "ம்" என்பார்.

அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை. இன்னும் விலை கேட்கவில்லை.

"எவ்வளவுக்கு எடுத்த?"

விலை தெரியாமல் எந்தக் குழல்நோக்கியும் ஒரு குழலைப் பற்றி வாய் திறந்ததில்லை. எண்ணூறு டாலர் என்று சொல்லுங்கள், முகம் மலரும். "அதானே பாத்தேன். கண்ணாடி மாதிரி இருக்கு." முன்னூறுக்குக் கீழே என்று சொல்லுங்கள், ஒரு பெருமூச்சு வரும். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோளைத் தட்டுவார். "குடுத்த காசுக்குப் பரவாயில்ல." சாவு வீட்டில் பேசுகிற குரல் அது.

பிறகு பூர்வீகம் விசாரிப்பார். இது கத்தி விட்டு வெட்டின குழலா, அச்சு வைத்து இழுத்த குழலா, சம்மட்டியில் அடித்த குழலா? எந்த ஊர்க் கம்பி? யார் கை? பெண் பார்க்க வந்த இடத்தில் அத்தைக்காரி கேட்கிற கேள்விகூட இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அவருக்கென்று ஒரு சட்டமும் உண்டு. விலை உயர்ந்த குழலில் மூன்று தோட்டா ஒரே இடத்தில் பட்டால் அது குழலின் பெருமை. ஒன்று விலகிப் போனால், "அது நான்தான். மூச்சு விட்டுட்டேன்." மலிவுக் குழலில் ஒன்று விலகிப் போனால், "அது குழல்." சரி, மலிவுக் குழலில் மூன்றும் ஒரே இடத்தில் பட்டால்? "அதிர்ஷ்டம். இன்னொரு தடவ சுடு, பாக்கலாம்." இன்னொரு தடவையும் பட்டால்? "தோட்டா நல்ல தோட்டாப்பா." ஆக, மலிவுக் குழல் என்ன செய்தாலும் பாஸாக வழியில்லை.

ஸ்டில்சன் ஊரில் இந்த இனத்தின் தலைவர் வென்டெல் பிராட்டன். மற்ற ஊர்களிலும் தலைவர்கள் உண்டு, ஆனால் அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் முழுக்கத் தேடினாலும் வென்டெல் மாதிரி நெஞ்சார, வஞ்சனை இல்லாமல், முழு நேரமாகக் குழல் பார்க்கிறவரைக் காண்பது கஷ்டம். அவர் பர்ஸில் ஒரு சின்ன அட்டைத்துண்டு உண்டு. அதில் மூன்று ஓட்டை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மூன்று இதழ்ப் பூ மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டு மகள் போட்டோவுக்கு முன்னால் வைத்திருக்கிறார். அது எந்தக் குழலில் சுட்டது என்று கேட்டால் சொல்வார். அன்றைக்கு வேறு எத்தனை அட்டை சுட்டார், அதெல்லாம் எங்கே போயிற்று என்று மட்டும் கேட்கக் கூடாது.

எங்கே போயிற்று என்று ஆர்லிஸுக்குத் தெரியும். அடுப்பு பற்றவைக்க அவள்தான் எடுத்துப் போடுகிறாள்.

ஆர்லிஸ் வென்டெலின் மனைவி. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. அதிகம் பேசாதவள். குழல்நோக்கியின் மனைவி எப்படி இருப்பாள் என்று நீங்கள் கேட்கலாம். துணி துவைக்கிற இயந்திரத்திலிருந்து கருத்த துணித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நீளமான பித்தளைத் தூரிகையைப் பார்த்தால், எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் தட்டும் பாதி ரொட்டியும் தவிர வேறெதுவும் இல்லை.

ஏன் இல்லை? வென்டெலுக்கு இரண்டு துப்பாக்கி. இரண்டுமே சென்ற வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் வேட்டைக் காலத்தில் குழல் கழற்றப்பட்டு, குழல் செய்கிற மனிதரின் பட்டறையில் வரிசையில் காத்துக்கொண்டிருந்தன. இந்த வருஷமும் அங்கேதான் இருக்கின்றன. பெட்டகத்தில் ஏழு குழல் தனியாக இருக்கிறது, எண்ணெய் பூசி, காகிதம் சுற்றி. சுடுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த ஊரில் மான் கறி இல்லாத வீடு என்றால் ஊர் ஒரு மாதிரியாகப் பேசும். ஆர்லிஸ் கடையில் மாட்டுக் கறிப் பொட்டலம் வாங்கினால், தெரிந்தவர்கள் எதிரே வரும்போது அதன்மேல் ரொட்டியை எடுத்து வைப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் குலுக்கலில் அவளுக்குச் சீட்டு விழுந்தது. ஆற்றுக்கு மேலே இருக்கிற மேட்டு நிலத்தில் எல்க் மான் சுடச் சீட்டு. அந்த இடத்துக்கு வருஷா வருஷம் பணம் கட்டிக் காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். விழுந்த வருஷம் சுட்டால் உண்டு, விட்டால் அடுத்த வருஷத்துக்குச் செல்லாது. மறுபடி எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அவளிடம் அவள் அப்பாவின் துப்பாக்கி இருந்தது. குழல் தேய்ந்து போயிருந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. தபாலில் ஒரு குழல் வரவழைத்தாள், இருப்பதிலேயே மலிவு. வழக்கமாகக் குழல் மாற்றுகிற கடைக்காரர் ரூபன் ஷ்வாப்பிடம் கொண்டுபோய்க் கொடுத்து நட்டு முறுக்கி வாங்கிக்கொண்டாள்.

"தபால்லயா வாங்கினீங்க, ஆர்லிஸ்?" என்றார் ரூபன். முகம் வாடிவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்ட சொன்னா வென்டெல்கிட்ட சொல்லுவீங்க."

சொல்லியிருப்பார்தான்.

சனிக்கிழமை அவளே சுடுதளத்துக்குப் போனாள். நூறு கெஜத்தில் அட்டை. மூன்று சுட்டாள். போய்ப் பார்த்தாள். ஒரு டாலர் நாணயத்தை வைத்தால் மூன்றும் மறையும். திரும்பி வந்து இன்னும் மூன்று சுட்டாள். அதே மாதிரி. துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து வீட்டுக்கு வந்து, உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தாள். சுடுகிற ரகம் அப்படித்தான்.

"எப்படிச் சுட்டுச்சு?" என்றார் வென்டெல்.

"நல்லா சுட்டுச்சு."

"நல்லான்னா?"

அட்டையைக் காட்டினாள். வென்டெல் அதை வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார், திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஆறு ஓட்டை போதாது என்றார். காற்று இல்லாத நாளாக இருந்திருக்கும் என்றார். பிறகு நிஜமான கவலையோடு, "உள்ள பாத்தியா?" என்றார்.

"எதுக்கு?"

நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் கேட்கிற கேள்வியா இது?

அவரிடம் புதிதாக ஒரு காமிரா வந்திருந்தது. பென்சில் தடிமனில் நீளமான குச்சி, நுனியில் சின்னக் கண்ணாடியும் விளக்கும். குழலுக்குள் விட்டால் உள்ளே இருப்பதையெல்லாம் மலை மாதிரிப் பெரிதாக்கிக் காட்டும். அதை டி.வி.யோடு இணைத்தார். ஞாயிறு மத்தியானம், மற்ற வீடுகளில் கால்பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, பிராட்டன் வீட்டில் குழல் ஓடியது. ரூபன் வந்திருந்தார். பக்கத்துப் பண்ணை கார்வின் வந்திருந்தார். ஆர்லிஸ் கொத்திய மாட்டுக் கறியும் சீஸும் உருளைக்கிழங்கும் அடுக்கி ஒரு பெரிய பாத்திரத்தில் சுட்டு வைத்தாள். மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்கள். துப்பாக்கி பின்னால் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது.

"நீ குச்சியப் புடிச்சு மெதுவா இழு, ஆர்லிஸ்," என்றார் வென்டெல். "நாங்க பாக்குறோம்."

அவள் இழுத்தாள். டி.வி.யில் ஒரு குகை தெரிந்தது. குகைச் சுவரில் குறுக்குக் குறுக்காகக் கோடுகள்.

"என்னப்பா இது," என்றார் ரூபன். "பனி உருகினப்புறம் நம்ம மண்ரோடு மாதிரி இருக்கு."

"டிராக்டர் போன தடம்," என்றார் கார்வின்.

"இதத்தான் இவ நல்லா சுடுதுன்னு சொல்றா," என்றார் வென்டெல்.

"நல்லாத்தான் சுடுது," என்றாள் ஆர்லிஸ் பின்னாலிருந்து.

"சுடும்மா. இன்னிக்குச் சுடும். இவ்வளவு மோசமா இருக்கிறது எத்தன நாளைக்குச் சுடும்?" வென்டெல் சீஸை முள்கரண்டியில் சுற்றிக்கொண்டே தலையை ஆட்டினார். "நிறுத்து. அங்க ஒரு குழி. ரூபன், அத பாத்தியா?"

"பாத்தேன். மாடு விழுந்தா வெளிய வராது."

மலிவுக் குழல் என்றால் என்ன என்பதைப் பற்றி அடுத்த அரைமணி நேரம் பேசினார்கள். தபாலில் வாங்குவதன் ஆபத்தைப் பற்றி ரூபன் தனியாகப் பேசினார். கார்வின் இரண்டாம் முறை தட்டை நிரப்பிக்கொண்டு வந்தார், வென்டெலும் நிரப்பிக்கொண்டார், ரூபன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தட்டை நீட்டினார். மூன்று பேர் கண்ணும் டி.வி.யில்.

ஆர்லிஸ் குச்சியைக் குழலிலிருந்து முழுவதும் வெளியே எடுத்தாள். துடைத்தாள். பக்கத்திலிருந்த பாத்திரத்தின் ஒரு மூலையில் சொருகினாள்.

டி.வி.யில் பழுப்பு நிறத்தில் ஒரு பள்ளத்தாக்கு வந்தது. பளபளவென்று ஈரமாக உருண்டைகள். வெள்ளை வெள்ளையாகக் கயிறுகள் தொங்கின.

"ஐயோ," என்றார் கார்வின். "துரு."

"துரு இல்ல," என்றார் வென்டெல், நன்றாக முன்னால் சாய்ந்து. "இரும்பே அழுகிப் போச்சு. பாரு, நார் நாராத் தொங்குது. இந்த வாய்ப்பக்கம் போகப்போக இன்னும் மோசம்."

"இத வீட்டுக்குள்ள வச்சுக்கக் கூடாது, ஆர்லிஸ்," என்றார் ரூபன். "தூக்கிப் போடுங்க."

"ரெண்டு தட்டு சாப்பிட்டீங்களே," என்றாள் ஆர்லிஸ்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குச்சி பாத்திரத்தில் நட்டுவைத்த கொடிக்கம்பம் மாதிரி நின்றது. கார்வின் முள்கரண்டியை ரொம்ப மெதுவாகத் தட்டில் வைத்தார்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே திருந்தியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்குக் குழல்நோக்கியைத் தெரியாது. வென்டெல் சற்று நேரம் யோசித்தார். நியாயமான மனிதர். பிறகு சொன்னார்: "தோட்டா வெடிக்கிறப்போ குழலுக்குள்ள வர்ற அறுபதாயிரம் பவுண்டு அழுத்தம் சாப்பாட்டுக்குள்ள வர்றதில்லையே, ஆர்லிஸ்."

அன்றைக்கு யாரும் மூன்றாம் தட்டு எடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

வென்டெலைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்தால் எவ்வளவோ சுலபம். அவருக்கு மனைவிமேல் பிரியம். அவள் இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த சீட்டு, இந்த மண்ரோட்டை நம்பி வீணாகப் போகிறதே என்று அவருக்கு நிஜமாகவே தூக்கம் வரவில்லை. அக்கறையும் ஓய்வுநேரமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும்?

வேட்டைக் காலம் தொடங்கியது. வார நாளில் ஆர்லிஸுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. சனி ஞாயிறு மேட்டு நிலத்துக்குப் போனாள். பனி விழவில்லை, மான்கள் உயரத்திலேயே நின்றுவிட்டன. அடுத்த வாரமும் அப்படித்தான். கடைசி வாரம் வந்தது. ஞாயிறு பொழுது சாய்ந்தால் சீட்டு வெறும் காகிதம்.

வியாழக்கிழமை பனி விழுந்தது. சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்த ஆர்லிஸ், இருநூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி கிளறிக்கொண்டிருந்தவள், கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் வரை பனி என்றால் மான்கள் கீழே இறங்கியே தீரும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வண்டியில் வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு வந்தாள்.

கொட்டகையில் விளக்கு எரிந்தது. வானொலி பாடியது. அவள் துப்பாக்கி மேஜைப் பிடியில் இறுக்கப்பட்டிருந்தது. வென்டெல் அதற்குள் கம்பியை விட்டு முன்னும் பின்னும், முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை சாம்பல் நிறப் பசை. என்ஜின் வால்வுக்குப் போடுகிற, இரும்பையே மணல் மாதிரித் தேய்த்தெடுக்கிற கிரைண்டிங் பேஸ்ட்.

"எப்பலேர்ந்து?" என்றாள் ஆர்லிஸ்.

"காலைலேர்ந்து. சாப்பிடக்கூடப் போகல." பெருமையாக நெற்றியைத் துடைத்தார், நெற்றியிலும் பசை ஒட்டியது. "கோடெல்லாம் போயிடுச்சு. உள்ள பாரு. மொகம் பாக்கலாம்."

அவள் பார்த்தாள். உண்மைதான். உள்ளே வெள்ளிக் குழாய் மாதிரி மின்னியது.

"எனக்கு மொகம் பாக்க வேணாம், வென்டெல். மான் விழணும்."

"விழும். இப்பதான் விழும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் சுடுதளத்துக்குப் போனார்கள். நூறு கெஜத்தில் ஒரு காகிதத் தட்டை ஆணி அடித்து மாட்டினாள், பிறந்தநாள் கேக் வைக்கிற பெரிய தட்டு. ஐந்து சுட்டாள். ஒன்று தட்டின் மேல் விளிம்பில். ஒன்று கீழ் விளிம்பில். இரண்டு இடது பக்கம், அவையும் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி. ஒன்று வலது ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. தோட்டாக்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரர்கள் மாதிரி தனித்தனியாக நின்றன.

"இப்பதான் குளிச்சிட்டு வந்திருக்கு," என்றார் வென்டெல். "கொஞ்சம் அழுக்கு சேந்தா சரியாப் போயிடும்."

ஆர்லிஸ் காகிதத் தட்டை ஆணியிலிருந்து கழற்றினாள்.

"ஒரு நூறு தோட்டா போட்டா..."

"ஞாயித்துக்கிழம முடியுது, வென்டெல்."

அங்கிருந்து நேராக ரூபன் கடைக்கு. புதுக் குழல் செவ்வாய்க்கிழமை வரும் என்றார் ரூபன். தன்னுடைய துப்பாக்கியைத் தருகிறேன் என்றார், ஆனால் அவர் இடதுகைக்காரர், போல்ட் மறுபக்கம் இருந்தது. ஆர்லிஸ் ஒருமுறை தோளில் வைத்துப் பார்த்தாள், கன்னம் எங்கேயும் உட்காரவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஊரில் மற்ற எல்லாருடைய துப்பாக்கியும் மலையில் இருந்தது. வண்டியில் உட்கார்ந்து அந்தக் காகிதத் தட்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வென்டெல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, எதைப் பற்றியும் கருத்துச் சொல்லாமல் ஓட்டினார்.

வீடு வரும்போது ஆர்லிஸ் சொன்னாள்: "நூறு கெஜத்துல தட்டு. அப்போ கிட்டப் போனா சாசர்."

"என்னது?"

"கிட்டப் போறேன்."

"எல்க்குகிட்ட கிட்டப் போக முடியாது, ஆர்லிஸ். அதுக்குத்தான் நல்ல குழல்னு ஒண்ணு..."

"நீ வண்டியிலேயே இரு," என்றாள். "பேசாத."

சனிக்கிழமை அப்படியே செய்தார்கள். அவள் ஆரஞ்சு நிறச் சட்டையும் பழைய கம்பளிக் காலுறையுமாக, காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாகப் பார்த்து, ஓடைக் கரையோரம் ஏறினாள். மான்கள் பனியை உதைத்துப் புல் மேய்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். அதற்குக் கீழே ஒரு ஜூனிப்பர் புதருக்குள் புகுந்து உட்கார்ந்தாள். கால் மரத்தது. மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் எல்லாரையும் பார்ப்பது அவளுக்குப் புதிதில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவை வந்தன. முதலில் கிளை முறிகிற சத்தம். பிறகு மூச்சின் புகை. கிழவிகள் இரண்டு முன்னால், பிறகு குட்டிகள், பிறகு இன்னும் பெண் மான்கள். அவள் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. எண்பது கெஜம். சுட்டிருக்கலாம், நல்ல குழலாக இருந்தால். அறுபது. மேல் விளிம்பில் ஒன்று, கீழ் விளிம்பில் ஒன்று என்று தட்டு கண்ணுக்குள் நின்றது. காயப்பட்டு ஓடிப்போய் எங்கேயோ சாகிற மானை நினைத்தாள், விரலை விசையில் படாமல் வெளியே வைத்துக்கொண்டாள். ஒரு கொழுத்த மலட்டு மான் புதரைப் பார்த்தே நடந்து வந்தது. அதன் கண் இமையில் பனி தெரிந்தது. அது நின்று பக்கவாட்டில் திரும்பியபோது, மான் அவள் வீட்டுக் கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கிற மாதிரி இருந்தது.

ஒரு சத்தம். மான் இரண்டடி எடுத்துவைத்து முழங்காலிட்டுச் சாய்ந்தது.

ஆர்லிஸ் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஃப்ரீசர் முழுக்க அடுக்கி, மேல்தட்டில் சாசேஜ் வைத்து, கார்வின் பெண்டாட்டிக்கும் ஒரு தொடை கொடுக்கலாம் என்று மனசு கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் எழுந்தாள்.

வென்டெல் பனியில் விழுந்து எழுந்து, மூச்சிரைக்க ஏறி வந்தார். மானைப் பார்த்தார். கண் கலங்கியது, நிஜமாகவே. தொப்பியைக் கழற்றினார்.

"ஒரே தோட்டாவா?"

"ஒண்ணுதான்."

"எங்க பட்டுது?"

காட்டினாள். தோளுக்குப் பின்னால், எங்கே படவேண்டுமோ அங்கே. வென்டெல் மண்டியிட்டு அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எழுந்தார். மனைவியைக் கட்டிப்பிடித்தார். பிறகு அவள் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி, போல்ட்டை உருவி, வெள்ளை வானத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார்.

"பாத்தியா," என்றார். "பேஸ்ட் வேல செஞ்சிருக்கு."

ஆர்லிஸ் அவரைப் பார்த்தாள். பொழுது போய்க்கொண்டிருந்தது. கத்தியை எடுத்தாள். "பின்னங்கால புடி," என்றாள்.

ரூபன் கடையில் அடுத்த வாரம் இந்தக் கதை சொல்லப்பட்டபோது மான் நூறு கெஜத்தில் நின்றது. கிறிஸ்துமஸுக்குள் இருநூறுக்குப் போய்விட்டது. குறுக்குக் காற்று சேர்ந்தது. "என்ன குழல் தெரியுமா? தபால்ல வந்த மலிவுச் சரக்கு. ஆனா ஒரு நாள் முழுக்க என் கை பட்டுது," என்று வென்டெல் முழங்கையைத் தட்டிக் காட்டினார். இப்போது சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளிலிருந்து ஆட்கள் நன்றாகச் சுட்டுக்கொண்டிருக்கிற குழல்களைக் கொண்டுவந்து அவரிடம் தேய்க்கக் கொடுக்கிறார்கள். அவர் காசு வாங்குவதில்லை. தேய்த்து வாங்கிப்போனவர்கள் ஒரு மாதம் கழித்து ரூபனிடம் வந்து புதுக் குழல் இருக்கிறதா என்று மெல்லக் கேட்கிறார்கள். ரூபன் இவ்வளவு குழல் எந்த வருஷமும் விற்றதில்லை. தேய்ப்பதற்கு வேண்டிய பேஸ்ட்டை வென்டெலுக்கு அவரே இலவசமாகத் தருகிறார்.

ஆர்லிஸ் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. யார் கேட்டாலும் ஒரு பொட்டலம் சாசேஜ் கொடுத்தனுப்புகிறாள். செவ்வாய்க்கிழமை ரூபன் கடைக்கு வந்த புதுக் குழலை மாட்டிக்கொண்டாள், அதே மலிவுச் சரக்குதான். அந்தத் துப்பாக்கி இப்போது கார்வின் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வென்டெலுக்குத் தெரியாது, ரூபனும் இந்தத் தடவை சொல்லவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குத் துப்பாக்கியும் தெரியாது, குழலும் தெரியாது, இதெல்லாம் அங்கே யாரோ செய்கிற கிறுக்குத்தனம் என்கிறீர்கள். சரி. உங்கள் வீட்டில் இந்த நிமிஷம் ஏதோ ஒன்று எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மலிவாக வாங்கினதாகக்கூட இருக்கலாம், மிக்ஸியோ, தண்ணீர் மோட்டாரோ. உங்கள் வீட்டுக்காரர் அல்லது வீட்டுக்காரி அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். நன்றாக ஓடும்போதே ஒருதடவை திறந்து, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டால் நல்லது என்று சற்று முன்னால்தான் உங்களுக்கும் தோன்றியது, இல்லையா? திருப்புளி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதும் ஞாபகம் வந்துவிட்டது.

எழுந்திருக்காதீர்கள்.